ராத்தா துடைச்ச ரோலர்

இப்ப ரோலரைத் துடைக்கிறது நான்தான். சுபஹ் தொழுதிட்டு, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு, மெஷின் அறையைத் திறந்து முதல் வேலையா அதத்தான் செய்யிறன். பழைய பருத்திச் சாரன் துண்டு ஒண்டும் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டும் போதும். துடைச்சிப்போட்டு விரலால தடவிப் பாக்கணும். ஒரு மணல், ஒரு நூல் பிசிறு, ஒண்டும் இருக்கப்படா. நாலு வருஷமா இந்த வேலையை என்ட ராத்தா, கூடப் பொறந்த மூத்தவ, செஞ்சா. அவ செய்யக்குள்ள, இதெல்லாம் ஒரு வேலையா எண்டு நான் நினைச்சிருக்கன். அல்லாஹ் என்னை மன்னிக்கணும்.

நான் கோவக்காரி. இத முதல்லயே சொல்லிவைக்கிறன், பிறகு ஆரும் எனக்காக இரக்கப்படக் கூடாது. எங்கட உம்மா சொல்லுவா, "இவளுக்கு மூக்குக்கு மேல கோவம், மூக்கில்லாமப் பொறந்திருந்தா நெத்தியில வெச்சிருப்பாள்" எண்டு. ராத்தா அதுக்கு நேர்மாறு. வீட்டுக்கு வந்த கோவம் முழுக்க எனக்கு, பொறுமை முழுக்க அவக்கு. பங்கு பிரிச்ச விதம் அப்படி.

எங்கட தொழில் ஸ்டிக்கர் அடிக்கிறது. ஆம்புளையள் இடுப்பில உடுக்கிற மருதமுனைச் சாரனில ஒட்டுற ஸ்டிக்கர், கறித்தூள் பக்கட் ஸ்டிக்கர், சவளக்கடைப் பக்கம் அரிசிப் பைக்குப் போறது, தேன் போத்தலுக்குப் போறது, எல்லாம் அடிப்பம். முன்னறையில என்ட மாப்புள, என்ட வீட்டுக்காரர், அச்சடிப்பார். அச்சடிச்ச சுருள் பின்னறைக்கு வரும். பின்னறை என்ட ராச்சியம், அங்கதான் வெட்டுற மெஷின் இருக்கு. ஸ்டிக்கர் எண்டா மேல ஒரு தாள், கீழ ஒரு மெழுகுத்தாள். மேல்தாள் சுத்தமா வெட்டுப்படணும், மெழுகுத்தாளில கீறலும் விழப்படா. அத வெட்டுறது ஒரு மெல்லிய இரும்புத் தகடு. கம்பனிக்காரங்க அதுக்கு நீட்டா ஒரு இங்கிலிஷ் பேர் சொல்றாங்க, எங்களுக்கு அது தகடுதான். அதில கூரான விளிம்பு வயல் வரம்பு மாதிரி எழும்பி நிக்கும். சாரனுக்கு முட்டை வடிவம், கறித்தூளுக்குச் சதுரம், ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு தகடு. தகட்டை வளைச்சி ரோலரில வெச்சா, ரோலருக்குள்ள இருக்கிற காந்தம் சப்பெண்டு இழுத்துப் பிடிச்சிக்கொள்ளும். ஆணியும் வேணாம், பசையும் வேணாம். ஆனா காந்தத்துக்குக் கண் இல்ல. தகட்டையும் இழுக்கும், கத்தரிக்கோலையும் இழுக்கும், கிட்டப் போன எந்த இரும்பையும் இழுக்கும்.

ராத்தா என்னை விட ஆறு வயசு மூப்பு. எங்கட வாப்பா ஒரே வளவில ரெண்டு வீடு கட்டினார், மூத்த மகளுக்கு ஒண்டு, இளைய மகளுக்கு ஒண்டு. நடுவில ஒரு கிணறு. ராத்தாட மாப்புள மௌத்தாகி, நாலு மாசமும் பத்து நாளும் இருக்கிற இத்தாவும் முடிஞ்ச பிறகு, ராத்தாக்கு அந்த வீட்டுக்குள்ள தனியக் கிடக்க ஏலாமப் போயிட்டு. ஒரே மகள், அவளும் பகலில பாலர் பாடசாலையில படிப்பிக்கப் போயிருவாள். ஒருநாள் ராத்தா மெஷின் அறை வாசல்ல வந்து நிண்டா.

"புள்ள, கூட்டிப் பெருக்கவாவது விடன்" எண்டா.

"கூட்டுறத்துக்கு ஆள் வேணாம் ராத்தா, துடைக்கிறத்துக்குத்தான் ஆள் வேணும்" எண்டன். அப்படித்தான் வந்தா.

முதல் கிழமையே ஒரு பிழை விட்டா. ரோலரில இருந்து தகட்டைக் கழட்டத் தெரியாம, குசினிக் கத்தியை ஓரத்தில குடுத்து நெம்பினா. தகடு மடிஞ்சிபோயிட்டு. நான் போட்ட சத்தத்தில கிணத்தடிக் காகமெல்லாம் பறந்திச்சி. ராத்தா அடுத்த நாள் மூங்கில் சிம்பொண்டைச் சீவி, கண்ணாடித் துண்டால மினுக்கிக் கொண்டுவந்தா. "இனி இதாலதான் கழட்டுவன். கத்தி இந்த அறைக்குள்ள வராது" எண்டா. வரவும் இல்ல. ஆனா அந்த ஒரு பிழையை நான் மறக்கல்ல. அச்சாறு மாதிரி மனசுக்குள்ள போட்டு ஊறவெச்சிருந்தன்.

அதுக்குப் பிறகு அவட வேலையில குறை சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கல்ல. பக்கத்து வளவில ரெண்டு தறி ஓடுது, பஞ்சு பறந்து வரும். ஒரு பிசிறு தகட்டுக்குக் கீழ போனாப் போதும், தகடு அந்த இடத்தில எழும்பும், மெழுகுத்தாள் வெட்டுப்படும். ராத்தா ரோலரைத் துடைச்சி முடிச்சிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விரலால தடவுவா. "ஏன் ராத்தா கண்ணை மூடுறீங்க, ஓதுறீங்களா?" எண்டு கேட்டன். "கண் திறந்திருந்தா அது சும்மா எல்லாம் சரி எண்டு சொல்லிரும் புள்ள, விரல் பொய் சொல்லாது" எண்டா. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில நாலு வளவுதான். உப்புக் காத்து பட்டா தகடு ஒரே நாளில துருப்பிடிக்கும். பழைய கலண்டர் தாளில எண்ணெய் தடவி, ஒவ்வொரு தகட்டையும் ஒண்டோட ஒண்டு உரசாம மட்டமா அடுக்கி வைப்பா. தாளுக்கு மேல பென்சிலால முட்டை, சதுரம், தேன் எண்டு எழுதியிருப்பா.

"ராத்தா, தகட்டுக்கெல்லாம் பேர் வெச்சிட்டீங்க. புள்ளைக்குப் பேர் வெச்சாக் கிடாய் அறுக்கணுமே, அது எப்ப?" எண்டு பகிடி பண்ணினன்.

"முதல்ல உன்ட வாய்க்கு ஒரு தகடு செய்விக்கணும்" எண்டா. "அளவா வெட்டி வெளியில விட."

அப்படிச் சிரிச்ச நாளெல்லாம் இருந்திச்சி. ரெண்டு பேரும் அந்த அறைக்குள்ள தாளும் எண்ணெயும் மணக்க மணக்கக் கதைச்ச கதை, எங்கட உம்மாட மடியில கூட நாங்க கதைக்கல்ல.

இனி ஊசிக் கதைக்கு வாறன். எங்கட பொம்புளையள்ட தலையில இரும்பு இல்லாத நாள் இல்ல. ஸ்கார்ப்புக்கு நாடிக்குக் கீழ ஒரு ஊசி, தோளில ஒரு ஊசி. ரோலருக்கு மேல குனிஞ்சாப் போதும், இழுத்திரும். மெஷினைப் பூட்டித் தந்த கொழும்பு ஆள் நூறு விசயம் சொல்லித் தந்தார், இத மட்டும் சொல்லல்ல. அந்த ஆம்புளைக்கு ஸ்கார்ப் ஊசியைப் பத்தி என்ன தெரியும்? நானாக் கண்டுபிடிச்சிச் சட்டம் போட்டன். வாசல்ல ஒரு பீங்கான் கோப்பை. உள்ள வாறவ ஊசியைக் கழட்டிக் கோப்பைக்குள்ள போட்டிட்டு, ஸ்கார்ப்பை முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் வரணும். அந்தக் கோப்பையில எனக்கு ஒரு பெருமை. மெஷினை விட அதத்தான் வாறவங்களுக்குக் காட்டுவன்.

எங்களிட்ட, வெட்டின ஸ்டிக்கரைச் சுத்தி மிஞ்சுற கழிவுத்தாளை உரிச்சிச் சுத்துற வேலைக்கு சாய்ந்தமருதுப் பொம்புளை ஒராள் வந்துகொண்டிருந்தா. ஒருநாள் தோள் ஊசியைக் கழட்ட மறந்திட்டு உள்ள வந்திட்டா. ரோலருக்குக் கிட்டயும் போகல்ல, ஒரு சேதமும் இல்ல. நான் கண்டிட்டன். அண்டைக்கே அவவ வீட்டுக்கு அனுப்பினன். "இரும்போட இந்த அறைக்குள்ள வாறவ ஆரா இருந்தாலும் அவக்கு இஞ்ச இடமில்ல" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னன். அவ கடப்படி தாண்டும் வரைக்கும் அழுதுகொண்டு போனா.

"பாவம் புள்ள, மறந்திட்டா. மறக்காத மனிசர் ஆரு?" எண்டா ராத்தா.

"நான் மறக்க மாட்டன்" எண்டன்.

தன்ட முதுகு தனக்குத் தெரியாது எண்டு சும்மாவா சொல்லி வெச்சாங்க!

மறுகா நோன்பு வந்திச்சி. பெருநாளைக்குச் சாரன் போற காலம், எங்களுக்கு மூச்சு விட நேரமில்ல. சாரன் முதலாளி ஒராள், புதுசா எங்களிட்ட வந்தவர், ஸ்டிக்கர் வெட்டுறத நேரில பாக்கணும் எண்டு பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்து நிண்டார். நான் தொழுத கையோட புது ஸ்கார்ப்பைச் சுத்திக்கொண்டு ஓடி வந்தன். ராத்தா முட்டைத் தகட்டை ரோலரில வெச்சிட்டு, ஒரு அடி தள்ளி நிண்டா. நான் முதலாளிக்குக் காட்டுறத்துக்காகக் குனிஞ்சி, "பாருங்க முதலாளி, வரம்பு மாதிரி நிக்கிது, இதுதான் வெட்டுறது" எண்டு விரலால காட்டினன். பிறகு நானே சுவிட்சைப் போட்டன்.

மெஷின் ஓடிச்சி. டிக் எண்டு ஒரு சத்தம் வந்திச்சி, ஒரே ஒருக்கா. நான் அதப் பொருட்படுத்தல்ல. அதுக்குப் பிறகு கழிவுத்தாளை இழுக்க இழுக்க, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் கழிவோட சேந்து உரிஞ்சி போகத் தொடங்கிச்சி. அந்த இடத்தில விளிம்பு வெட்டல்ல. விளிம்பில காயம் பட்டா அப்படித்தான் வரும்.

"என்ன தங்கச்சி, ஓட்டை ஓட்டையாப் போகுது?" எண்டார் முதலாளி. வேலைக்கு நிண்ட ரெண்டு பொம்புளையளும் என்னைப் பாத்தாங்க. எனக்கு முகம் எரிஞ்சிச்சி. மெஷினை நிப்பாட்டிட்டு முதலாளிப் பக்கம் திரும்பி என்னவோ சமாளிச்சிக் கதைச்சன். நான் கதைக்கக்குள்ள ராத்தா குனிஞ்சி, ரோலரைக் கையால மெல்ல உருட்டிப் பாத்தா. நான் திரும்பினப்ப அவ வலது கையைப் பொத்திக்கொண்டு நிண்டா. அந்தக் கை ஏன் பொத்தியிருக்கு எண்டு நான் கேக்கல்ல. எனக்குத் தகட்டில விழுந்த காயம் மட்டும்தான் தெரிஞ்சிச்சி, அரிசியில பாதி அளவு.

"என்ன இது?"

ராத்தா வாயைத் திறந்தா. முதலாளியைப் பாத்தா, அந்த ரெண்டு பொம்புளையளையும் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா. "தெரியா புள்ள" எண்டா.

அந்த ஒரு மூச்சுத் தயக்கத்தை நான் பிடிச்சிக்கொண்டன். பிழை செஞ்சவதான் தயங்குவா எண்டு நினைச்சன். அச்சாறு வெளியில வந்திச்சி.

"நேத்து கழட்டித் துடைச்சி வெச்சது நீதானே? திரும்பவும் கத்தியைப் போட்டாயா?"

எங்கட வீட்டில ராத்தாவ நான் ஒருநாளும் நீ எண்டு கதைச்சதில்ல. அண்டைக்குக் கதைச்சன், பிற ஆம்புளை ஒராளுக்கு முன்னால.

"கத்தி போடல்ல."

"அப்ப ஆரு போட்டது, ஜின் வந்தா போட்டிச்சி?"

ராத்தா பொத்தின கையை அப்படியே வெச்சிக்கொண்டு, இடது கையால அந்த மூங்கில் சிம்பை எடுத்து மேசையில வெச்சா. "நீ நோன்போட இரிக்காய் புள்ள, சத்தம் போடாத" எண்டு மட்டும் மெதுவாச் சொன்னா. பிறகு வெளியில போனா. நான் அதுக்கும் பின்னால நிண்டு கத்தினன். என்ன கத்தினன் எண்டு எழுத எனக்குக் கை வராது. பின்னேரம் அஸர் தொழுகைக்கு நிக்கக்குள்ள ஸ்கார்ப் வழுகி வழுகி விழுந்திச்சி. ஊசி எங்கயோ விழுந்திட்டு எண்டு வேற ஒண்டைக் குத்திக்கொண்டு தொழுதன்.

ஏழு மாசம் நாங்க கதைக்கல்ல. ஒரே வளவு, ஒரே கிணறு. நான் கிணத்தடிக்குப் போனா ராத்தா வாளியை வெச்சிட்டு உள்ள போயிருவா, எனக்கு இடம் விட்டுத்தான். நான் அத வீம்பு எண்டு எடுத்துக்கொண்டன். பெருநாளைக்கு மகளிட்ட வட்டிலப்பம் குடுத்தனுப்பினா. திண்டன், தட்டைத் திருப்பி அனுப்பினன், போகல்ல. என்ட மாப்புள ரெண்டு தரம் சொன்னார், "மூத்தவ, நீ போய்க் கதை" எண்டு. "செஞ்சத செஞ்சன் எண்டு சொன்னாக் கதைக்கிறன்" எண்டன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்லுதான். தகடு போனா வேற தகடு வரும், வந்தும் சேந்திச்சி. ராத்தா என்னட்டப் பொய் சொல்லிட்டாவே எண்டதுதான் என்னைத் திண்டிச்சி.

கடலில இருந்து வீசுற கொண்டல் காத்துத் தொடங்கின காலத்தில ராத்தாட மகள் வந்து வாசல்ல நிண்டாள். "சாச்சி, உம்மா சொன்னா, காத்துத் திரும்பிட்டாம், அஸருக்கு முந்தி கடல்பக்கத்துச் சன்னலைச் சாத்தட்டாம்."

"உன்ட உம்மாக்கு வேற வேலை இல்லையாமா எண்டு கேளு" எண்டன். அவள் போன பிறகு சன்னலைச் சாத்தினன். பிந்திட்டன். ரோலரில சின்னச் சின்னத் துருப் பொட்டு விழுந்திருந்திச்சி. அவசரத்தில மரம் தேய்க்கிற மண்தாளைப் போட்டுத் தேச்சன், கீறல் விழுந்திச்சி. துரு போனாலும் அந்தக் கீறல் இண்டைக்கும் இருக்கு.

பிறகு ராத்தாக்கு மக்காவுக்கு உம்றாப் பயணம் சரிவந்திச்சி. மகளும் மருமகனும் கூட்டிப் போறதா இருந்திச்சி. எங்கட ஊரில உம்றாவுக்குப் போறவங்க போக முந்தி வீடு வீடாப் போய்ப் பயணம் சொல்லுவாங்க. தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்சதுக்கெல்லாம் மாப்புக் கேப்பாங்க. கேட்டா, "மாப்பு, மாப்பு, எங்களுக்கும் துஆச் செய்யுங்க" எண்டு சொல்லி அனுப்புறது. அதுக்கு மேல ஆரும் ஒண்டும் கேக்கிறதில்ல. எதிரிக்கும் அப்படித்தான். அது ஒரு மரியாதை.

ராத்தா எல்லா வீட்டுக்கும் போயிட்டுக் கடைசியா என்னட்ட வந்தா. வெள்ளை ஸ்கார்ப். மெலிஞ்சிருந்தா. நான் மெஷின் அறைக்குள்ள நிண்டன். அவ வாசல்ல நிண்டு, பழக்கத்தில ஊசியைக் கழட்டிக் கோப்பையில போட்டிட்டுத்தான் உள்ள வந்தா. ஏழு மாசத்துக்குப் பிறகும் அந்தக் கை மறக்கல்ல.

"தங்கச்சி, பயணம் சொல்ல வந்தன். எல்லாத்துக்கும் மாப்புத் தா புள்ள."

நான் மாப்பு எண்டு சொல்லியிருக்கணும். ஒரு சொல்லு. அத விட்டிட்டு, "நீங்க அண்டைக்கு அந்தத் தகட்டைப் பழுதாக்கினத ஒத்துக்கொள்ளுங்க, நான் மாப்புத் தாறன்" எண்டன். எவ்வளவு கொழுப்பு பாருங்க எனக்கு! அல்லாஹ்ட வீட்டுக்குப் போறவவ வாசல்ல நிப்பாட்டி விசாரணை வைக்கிறன்.

ராத்தா என்ட முகத்தைப் பாத்தா. பிறகு அவட பார்வை கீழ இறங்கி என்ட நாடிக்குக் கீழ வந்து நிண்டிச்சி, ஸ்கார்ப் முடிச்சில. அங்க என்னத்தப் பாக்கிறா எண்டு எனக்கு விளங்கல்ல. 

"ஓம் புள்ள" எண்டா. "நாந்தான் செஞ்சன்."

"கத்தியா?"

"ஓம். கத்திதான்."

"அப்ப மாப்பு" எண்டன். சொன்னனே தவிர, மனசுக்குள்ள, பாத்தாயா நான் சொன்னது சரிதானே எண்டு ஒரு துள்ளல். வெக்கமில்லாம அதையும் எழுதுறன். ராத்தா என்னைக் கட்டிப் பிடிச்சி அழுதா. நானும் அழுதன்தான். போகக்குள்ள ரோலரில கையை வெச்சி, கண்ணை மூடி ஒருக்காத் தடவினா. அந்தக் கீறலில விரல் நிண்டிச்சி. "இதுக்கு மண்தாள் போடப்படா புள்ள" எண்டா. அதுதான் அவ என்னோட கதைச்ச கடைசிக் கதை.

மக்காவில கஃபாவைச் சுத்தித் தவாபு முடிச்சி, அறைக்கு வந்து படுத்தவ எழும்பல்ல. போனில ராத்தாட மகள் சொன்னாள். அங்கயே தொழுவிச்சி அங்கயே அடக்கினாங்க. ஊரெல்லாம் வந்து, "எவ்வளவு குடுத்துவெச்சவ, ஆருக்குக் கிடைக்கும் அந்த மண்ணு" எண்டு சொல்லிச்சி. உண்மைதான். ஆனா எனக்கு அது கோவத்தைத்தான் கிளப்பிச்சி. எனக்கு என்ட ராத்தா வேணும். மையித்தைக் குளிப்பாட்ட எனக்கு ஒரு கை தந்திருக்கணும். முகத்தைப் பாத்து ஒருக்கா அழ விட்டிருக்கணும். எங்கட மையவாடியில அடக்கியிருந்தா மதிலுக்கு வெளியில நிண்டாவது ஸலாம் சொல்லலாம். நான் கிணத்தடியில நிண்டு அவட மூடின கதவைப் பாத்துக்கொண்டு நிண்டன், வேற போக இடமில்ல. அப்பவும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்திச்சி, மாப்புக் குடுத்துத்தானே அனுப்பினன் எண்டு. அந்த ஆறுதலோட பதினொரு நாள் நித்திரை கொண்டன்.

பன்னிரண்டாம் நாள் ராத்தாட மகள் வந்தாள். ஸம்ஸம் போத்தல், ஈச்சம்பழம், ஒரு தொழுகைப் பாய், அதோட ஒரு சின்னச் சீலைப் பை. "இது உம்மா உங்களுக்கெண்டு தனியா வாங்கினது சாச்சி" எண்டாள். பைக்குள்ள ஸ்கார்ப்புக்குக் குத்துற கிளிப், ஒரு டசன் இருக்கும், எல்லாம் பிளாஸ்டிக்.

"உம்மாட்ட இதுக்காக நான் கோவிச்சன் சாச்சி" எண்டு அவள் கண்ணைத் துடைச்சிக்கொண்டு சொன்னாள். "கடையில கஃபாப் படம் போட்ட காந்தம் விக்கிறாங்களே, ஃபிரிஜ்ஜில ஒட்டுறது, அத ஒண்டைக் கையில எடுத்துக்கொண்டு, கடையில இருந்த ஒவ்வொரு கிளிப்பிலயும் ஒட்டி ஒட்டிப் பாக்கிறா. கடைக்காரன் சத்தம் போடுறான். நாலு கடை ஏறினா. ஒட்டாதத மட்டும்தான் எடுத்தா. ஏனும்மா இந்தக் கரைச்சல் எண்டு கேட்டன். சாச்சி மறதிக்காரி, அவக்கு இரும்பு ஊசி வேணாம், ரோலர் இழுத்திரும் எண்டா."

அவள் சொல்லி முடிச்ச கையோட நான் பையைத் தலைகீழாக் கொட்டினன். கிளிப்புகளோட ஒரு கலண்டர் தாள் பொட்டலம் விழுந்திச்சி, எண்ணெய் தடவின தாள், ராத்தா தகடு சுத்துற தாள். "அது உம்மாட ஊசிப் பெட்டிக்குள்ள கிடந்திச்சி. பயணத்துக்கும் கொண்டுவந்திருக்கா. உங்கட பையோட வெச்சிட்டன்" எண்டாள் மகள்.

பிரிச்சன். பச்சைத் தலை வெச்ச ஒரு ஸ்கார்ப் ஊசி. நடுவில நசுங்கி வளைஞ்சி, அந்த வளைவில ஒரு வெட்டு. பச்சைத் தலை பாதி உடைஞ்சிருந்திச்சி. அந்தப் பச்சை ஊசி நான் கல்முனையில வாங்கினது, நோன்புக்குப் புது ஸ்கார்ப்போட. எங்கட வீட்டில வேற ஆரிட்டயும் அது இருக்கல்ல.

முதலாளிக்குக் காட்டுறத்துக்காக நான் குனிஞ்சது ஞாபகம் வந்திச்சி. டிக் எண்ட சத்தம் ஞாபகம் வந்திச்சி. கோப்பையைத் தாண்டி ஓடி வந்த அவசரமும், அஸருக்கு வழுகின ஸ்கார்ப்பும், பொத்தின அந்தக் கையும். இரும்போட வாறவக்கு இஞ்ச இடமில்ல எண்டு நான் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை எல்லாருக்கும் முன்னால என்ட தலையில விழ விடாம, ராத்தா ஊசியைக் கைக்குள்ள மறைச்சிட்டா. ஏழு மாசம் மறைச்சா. பிறகு எனக்காகப் பொய்யும் சொன்னா, உம்றாவுக்குப் போற வழியில, நான் சொல்ல வெச்சி.

"சாச்சி, ஒண்டு கேக்கவா?" எண்டாள் மகள். "உம்மா கஃபாவைக் கண்டதும், என்ட தங்கச்சி மாப்புத் தந்திட்டா, என்ட தங்கச்சி மாப்புத் தந்திட்டா எண்டு அழுதா. சந்தோசத்தில அழுதா. என்ன செஞ்சா உங்களுக்கு? எதுக்கு மாப்பு?"

நான் என்ன சொல்லியிருக்கணும் எண்டு எனக்குத் தெரியும். வாயைத் திறந்தன். வரல்ல. "ஒண்டுமில்ல மகள், சும்மா" எண்டன். மறைக்கிற கையும் எங்கட குடும்பத்தில ரெண்டு விதம். அவட கை என்னை மறைச்சிச்சி, என்ட வாயும் என்னைத்தான் மறைச்சிச்சி.

சாய்ந்தமருதுக்குப் போய் அந்தப் பொம்புளையிட்ட மாப்புக் கேட்டன். வாசலிலயே, "அல்லாவே, அதையா இன்னம் நினைச்சிக்கொண்டு இரிக்கீங்க? மாப்பு, மாப்பு" எண்டு உடனே தந்திட்டா. ஒண்டும் கேக்கல்ல. தேத்தண்ணியும் ஊத்தித் தந்தா. இப்ப திரும்ப வேலைக்கு வாறா.

கோப்பை வாசலில இருக்கு, நான் பிளாஸ்டிக் கிளிப்தான் குத்துறன். ஒவ்வொரு நாளும் ரோலரைத் துடைச்சிட்டு, கண்ணை மூடி விரலால தடவுறன். நான் போட்ட கீறலில விரல் வந்து நிக்கும். அந்த இடத்தில ஒவ்வொரு நாளும் சொல்றன், ராத்தா, நாந்தான் செஞ்சன், மாப்புத் தாங்க எண்டு. அறைக்குள்ள பதில் சொல்ல ஆரும் இல்ல.

மகள், நீ இத ஒருநாள் வாசிப்பாய். நேரில சொல்ல எனக்குத் தைரியம் வரல்ல, அதுக்காகத்தான் எழுதினன். உன்ட உம்மா கத்தி போடல்ல. அந்தத் தகட்டைக் கெடுத்தது என்ட ஊசி.